கணக்கில் உருகாத ஐஸ்

“ஒரு பாளம் ஐஸ் உருக எவ்வளவு நேரமாகும், சொல்லு பாக்கலாம்?”

கல்யாணமான புதிதில் கணவன் அவளிடம் கேட்ட கேள்வி இது. ஐஸ் தொழிற்சாலையின் முன்வாசலில், சாக்குப் போர்த்திய பாளங்களுக்குப் பக்கத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, வெயிலைப் பொறுத்தது என்றாள்.

“தப்பு. வாங்குறவன் பேரம் பேசி முடிக்கிற வரைக்கும்.”

சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான். அதே வேடிக்கையை மீன் சந்தையிலும் சொல்வான், பழரசக் கடைகளிலும் சொல்வான். கம்ப்ரஸர் பழுது பார்க்க வந்த மனிதரிடம் ஒரே நாளில் இரண்டு முறை சொன்னான். அந்த மனிதரும் இரண்டு முறை சிரித்தார், பாவம்.

இப்போது அவன் இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அச்சுகளில் ஊற்றிய தண்ணீரை உறைய வைக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் நின்றுகொண்டு யாரையோ கூப்பிட வாயைத் திறந்தவன் அப்படியே சரிந்தான். தொழிற்சாலை அவள் பேருக்கு வந்தது. தெருவில் எல்லோரும் அவளை ஐஸ்காரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் அழவில்லை. வந்தவர்கள் எல்லாம் அழு, அழுதால்தான் பாரம் இறங்கும் என்றார்கள். வரவில்லை.

வெறுங்கையால் பாளத்தைப் பிடித்தால் முதலில் சுரீர் என்கும். அப்புறம் எரியும். அப்புறம் ஒன்றுமே தெரியாது. அந்த ஒன்றும் தெரியாத கட்டத்தில்தான் கையை எடுத்துவிட வேண்டும் என்று இயந்திரக்காரர் புது ஆட்களுக்குச் சொல்வார். தோல் ஒட்டிக்கொண்டு உரிந்து வருவதுகூட அப்போது தெரியாதாம். அவள் அந்த மூன்றாவது கட்டத்துக்கு வந்து நாளாகிவிட்டது. வேளாவேளைக்குச் சமைத்தாள், மகளைக் கல்லூரிக்கு அனுப்பினாள், வண்டிகளுக்கு டீசல் பணம் எண்ணிக் கொடுத்தாள். அண்ணா விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அண்ணா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. கணவனுடைய அக்காவின் வீட்டுக்காரர். மாமனார் காலத்திலிருந்து தொழிற்சாலைக் கணக்கு அவர் கையில்தான். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு. கூட்டல் முடிந்தால் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போடுவார். ஒரு எழுத்து அடித்துத் திருத்தியிருந்தால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுவார். கணவன் சரிந்தபோது ஆஸ்பத்திரிக்கும் இடுகாட்டுக்கும் ஓடியவர் அவர். அந்த மாதம் மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும் என்பதே இவளுக்கு மறந்துபோயிருந்தது. அவர் கட்டிவிட்டு ரசீதை மட்டும் மேஜைமேல் வைத்தார். எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில் இருந்தது.

“நான் பாத்துக்கறேன்மா.”

கிளம்பும்போது ஒன்று சொல்வார். “வர்றேம்மா, கதவைச் சாத்திக்கோ.” வாசலில் கதவே இல்லாத தொழிற்சாலை அறையிலிருந்து கிளம்பினாலும் அதையேதான் சொல்வார்.

கூலி கொடுக்கப் பணம் எடுக்கப் போன இடத்தில்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. வங்கியில் இருந்த பெண் கணினியை உற்றுப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, உங்க கணக்கை வரி ஆபீஸ்ல நிறுத்தி வச்சிருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“நோட்டீஸ் வந்திருக்குமே. நாலஞ்சு வந்திருக்கணும்.”

அவள் வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். பயப்பட வேண்டிய நேரம் இது என்று புரிந்தது. ஆனால் பயம் வரவில்லை. எதிரே ஒருவர் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அண்ணாவிடம் கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார், திரும்பச் செருகினார்.

“மின்சார பில்லை வச்சு ஏதோ மனக்கணக்குப் போட்டிருக்கான்மா. இவ்வளவு கரண்டு இழுத்தா இவ்வளவு ஐஸ் செஞ்சிருக்கணும், நீங்க அஞ்சுல நாலு பங்குதான் விற்பனை காட்டியிருக்கீங்க, மிச்சத்தைத் திருட்டுத்தனமா வித்துட்டீங்கன்னு எழுதியிருக்கான். பல வருஷத்துக்குச் சேத்து வரி, அபராதம், வட்டி.”

“நீங்க என்ன பதில் போட்டீங்க?”

“அவகாசம் கேட்டிருக்கேன்.”

“எல்லா நோட்டீஸுக்குமா?”

“மீட்டர்ல கோளாறுன்னும் ஒண்ணு எழுதினேன். நான் பாத்துக்கறேன்மா.”

“இல்லைன்னா என்ன செய்வாங்க?”

அவர் நோட்டீஸ் உறையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். பின்னால் கம்ப்ரஸர் தடக் தடக் என்று ஓடிக்கொண்டிருந்தது. பதில் கடைசி நோட்டீஸில் இருந்தது. மாதக் கடைசிக்குள் ஏதும் நடக்காவிட்டால் வந்து கம்ப்ரஸருக்குச் சீல் வைப்பார்கள். அது நின்றால் உப்புத் தண்ணீர் சூடேறும், அச்சுகளில் இருப்பதெல்லாம் தண்ணீராகிவிடும், சந்தைக்காரர்கள் இரண்டே நாளில் வேறு ஐஸ் தேடிப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள்.

மகள்தான் குதித்தாள். அவளுக்கு வாய் அப்பாவைப் போல.

“அம்மா, மாமா நல்லவர்தான். யார் இல்லைன்னா? பல்லு வலிக்குதுன்னா நல்லவர்கிட்டயா போவோம், பல் டாக்டர்கிட்ட போவோமா?”

“அவருக்கு மனசு கஷ்டப்படும்.”

“கம்ப்ரஸருக்குச் சீல் வச்சா யாருக்கும் கஷ்டப்படாது, இல்ல? உன்னைப் பாத்தா ஃப்ரீசர்ல வச்சுட்டு எடுக்க மறந்த மாதிரி இருக்கும்மா.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். மகள் கைப்பேசியில் பார்த்து வைத்திருந்த வரி ஆலோசகர்களில் முதல் ஆளிடம் போனார்கள்.

கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, சுவரில் யார் யாரோடோ கைகுலுக்கும் படங்கள். கோட்டு சூட்டு போட்ட ஒருவர் எழுந்து நின்று வரவேற்றார். அவள் கையிலிருந்த நோட்டீஸ் உறையை அவர் வாங்கவே இல்லை. மேஜையில் ஒரு ஓரமாக வைக்கச் சொன்னார்.

“இதெல்லாம் எங்களுக்கு ஜுஜுபிங்க. பாதியாக் குறைக்கிறேன். முயற்சி பண்ணா கால்வாசிகூட. உள்ளுக்குள்ள நமக்கு ஆள் இருக்கு.”

“எப்படிக் குறைப்பீங்க?” என்றாள் மகள்.

“அதை எங்ககிட்ட விடும்மா. உங்க அம்மா ஒரு கையெழுத்து மட்டும் போட்டா போதும். முன்பணம் மொத்தமாக் கட்டணும். இன்னிக்கே கட்டினா தள்ளுபடி.”

அவர் ஒரு தாளை நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரல் வைத்தார். விரலைப் பார்த்ததும் அவள் கை தானாகப் பேனாவை எடுத்துவிட்டது. இரண்டு வருஷப் பழக்கம். மகள் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தாள்.

“சார், உங்க பதிவு எண் என்ன? வரி ஆபீஸ்ல எங்களுக்காகப் பேச உங்களுக்கு அனுமதி இருக்கான்னு பாக்கணும்.”

சூட்டுக்காரர் சிரித்தார். “எங்க டீம்ல இருக்காங்க.”

“அவங்க யாரையாவது பாக்கலாமா?”

“அவங்க ஃபீல்டுல இருக்காங்க.”

வெளியே வந்து படி இறங்கும்போது மகள் சொன்னாள். “ஃபீல்டுன்னா வயக்காடு போல. நாத்து நடுறாங்க.”

வெகு நாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வருவது போல இருந்தது. உதடு வரை வந்து நின்றுகொண்டது.

அடுத்தது ஒரு பெரிய வக்கீல். அரை நாள் காத்திருந்தார்கள். அவர் தொழிற்சாலை எத்தனை சதுர அடி, இடம் யார் பேரில், எந்தச் சாலையை ஒட்டி என்று மட்டும் விசாரித்தார். வழக்குப் போடலாம் என்றார். எத்தனை நாள் ஆகும் என்றதற்கு, “நாளா?” என்று திருப்பிக் கேட்டு, தன் ஜூனியரைப் பார்த்துப் புன்னகைத்தார். உங்கள் பெண் பிள்ளைகுட்டி பெற்று அவர்கள் பள்ளிக்கூடம் போகும் வரை இழுக்கலாம் என்றார். அதுவரை சீல் வைக்காமல் இருப்பார்களா என்று அவள் கேட்டாள். அதற்குத் தனியாக ஒரு மனு, அதற்குத் தனியாக ஒரு கட்டணம்.

மூன்றாவது ஆளைச் சொன்னது மீன் சந்தையில் ஐஸ் வாங்கும் அக்கா. எடைக்கல்லால் இறால் திருடவந்த பூனையை விரட்டிக்கொண்டே சொன்னாள்.

“எனக்கும் வந்துச்சே இந்தக் கஷ்டம். டயர் கடை மாடியில வரி விஷயம் பாக்கற ஒரு அம்மா இருக்காங்க. போ.”

“உனக்கு ஜெயிச்சுக் குடுத்தாங்களா அக்கா?”

“எங்க ஜெயிச்சுது? கட்ட வேண்டியதைக் கட்டினேன். தவணை வாங்கிக் குடுத்தாங்க. ஆனா என் தலைக்கு மேல என்ன தொங்குதுன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் தூங்கினேன். அது போதாதா?”

டயர் கடையின் ரப்பர் வாசனை படியேறி மாடி வரை வந்தது. சின்ன அறை. ஒரே ஒரு மின்விசிறி. அது மேஜைமேல் இருந்த தாள்களுக்காக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்குப் பக்கம் இருக்கும். மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஏற்றிவிட்ட இன்னொரு கண்ணாடி. உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல் கையை நீட்டினார். நோட்டீஸ் உறையைக் கொடுத்தார்கள். முதலிலிருந்து கடைசி வரை படித்தார். படிக்கும்போது மகள் ஏதோ விளக்கப்போனாள். அவர் ஒரு விரலைத் தூக்கினார். மகள் வாயை மூடிக்கொண்டாள். அது ஒரு அதிசயம்.

படித்து முடித்துக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“உங்க ஐஸ் போற வழியில எவ்வளவு உருகும்?”

இரண்டு வருஷமாக யாரும் அவளிடம் ஐஸைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. பணம் எவ்வளவு, இடம் எவ்வளவு, கரண்டு எவ்வளவு என்றுதான் கேட்டார்கள்.

“வெயிலைப் பொறுத்தது” என்றாள்.

“சரி. நல்ல வெயில்ல?”

“நாலுல ஒரு பங்கு போயிடும். சில நாள் கூடவும் போகும். அச்சுலேர்ந்து எடுக்கும்போதே கொஞ்சம் உடையும். சந்தையில அவங்க தராசுல நிக்கிறதுக்குத்தான் எங்களுக்குக் காசு.”

“அது உங்க கணக்குல எங்க இருக்கு?”

அந்த அம்மா நோட்டீஸோடு இணைத்திருந்த தொழிற்சாலையின் வருடாந்தர அறிக்கை நகலைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். செய்தது, விற்றது, சேதாரம் என்று மூன்று கட்டங்கள். செய்ததும் விற்றதும் ஒரே எண். சேதாரம் என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. கீழே இரட்டைக் கோடு. அடுத்த வருஷம், இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. கடைசி இரண்டு தாள்களிலும் அடியில் அவள் கையெழுத்து.

மகள் எட்டிப் பார்த்தாள். “ஐஸ் உருகவே இல்லையா?”

“உங்க கணக்குப்படி உருகலை” என்றார் அந்த அம்மா. “செஞ்சதைச் செஞ்சதா எழுதி, உருகினதை உருகினதா எழுதியிருந்தா கரண்டு பில்லோட ஒத்துப்போயிருக்கும். வித்ததை மட்டும் பாத்து, அவ்வளவுதான் செஞ்சோம்னு எழுதியிருக்காங்க. மிச்சம் எங்க போச்சுன்னு ஆபீஸ்ல கேக்கறாங்க. கேக்கத்தானே செய்வாங்க?”

“அப்ப நாங்க எதுவும் கட்ட வேண்டாமா?”

“அப்படி நான் சொல்லலை. கொஞ்சம் கட்ட வேண்டியிருக்கும். தப்பா எழுதினதுக்கு அபராதம் இருக்கும். எவ்வளவுன்னு இப்பத் தெரியாது. தெரியும்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க.”

பிறகு ஒரு துண்டுத் தாளில் தன் பதிவு எண்ணை எழுதிக் கொடுத்தார். வரி அலுவலகத்தில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளச் சொன்னார். இன்னொரு தாளில் கட்டணத்தை எழுதினார். கணக்கைப் பார்ப்பதற்கு இவ்வளவு, மனுவுக்கு இவ்வளவு, அலுவலகத்தில் கூட வந்து பேசுவதற்கு இவ்வளவு.

“ஒரு காசு குறையலைன்னாலும் என் கட்டணம் உண்டு. அப்புறம் என்மேல மண்ணை வாரித் தூத்தக்கூடாது. இன்னொண்ணு. இப்ப உங்களுக்காகப் பேசற அதிகாரம் யார் பேர்ல இருக்கு?”

“எங்க அண்ணா. நாத்தனார் வீட்டுக்காரர்.”

“அதை எடுத்து என் பேருக்கு மாத்தி எழுதணும். அவரும் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தா மனுவுக்குப் பலம். இல்லாமலும் முயற்சி பண்ணலாம், ஆனா தள்ளாடும். அவர்கிட்ட நீங்களே சொல்லணும். என்னைச் சொல்ல வைக்காதீங்க.”

அவள் கட்டணத் தாளை மடித்தாள். விரித்தாள். மடித்தாள்.

“இன்னிக்குக் கையெழுத்துப் போடவேண்டாம்” என்றார் அந்த அம்மா. “வீட்டுக்குப் போய்ப் படிச்சுப் பாத்துட்டு வாங்க.”

இறங்கும்போது மகள் கிசுகிசுத்தாள். “ரெண்டு கண்ணாடிக்குச் சிரிப்பே வராது போல.”

“வரவேண்டாம்” என்றாள் அவள்.

பதிவு எண் சரியாக இருந்தது. மறுநாள் போய், கணக்கைப் பார்ப்பதற்கான கட்டணத்தை மட்டும் கட்டினாள். மற்ற கையெழுத்துக்கு மனம் வரவில்லை. வரவில்லை என்பதுகூடச் சரியில்லை. மனம் எங்கே இருக்கிறது என்று தேடினாள், கிடைக்கவில்லை.

அந்த வாரமே அந்த அம்மா தொழிற்சாலைக்கு வந்தார். பாளங்களை இங்கே ஒரு முறை, சந்தையில் ஒரு முறை எடை போட வேண்டும். இரண்டு இடத்திலும் சாட்சி வேண்டும். வெயில் நாளில் ஒன்று, மூட்டமான நாளில் ஒன்று. வண்டியில் முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். டிரைவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். அணைக்கிற பட்டன் இல்லாத ரேடியோ.

“மேடம், நியாயமா எனக்கு மூணு சம்பளம் தரணும். வண்டி ஓட்டுறதுக்கு ஒண்ணு, லோடு இறக்க ஒண்ணு, பின்னாடி அழுதுட்டே வர்ற ஐஸுக்கு ஆறுதல் சொல்ல ஒண்ணு.”

அந்த அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார்.

“எப்பவும் இப்படித்தான் ஒழுகுமா?”

“இது கம்மி மேடம். நம்ம வண்டி எங்க போச்சுன்னு யாரும் போன் பண்ணிக் கேக்கமாட்டாங்க. ரோட்டைப் பாத்தாலே போதும். தெருநாய்ங்க நக்கிக்கிட்டே பின்னாடி வரும்.”

அவளும் திரும்பிப் பார்த்தாள். சாலையின் நடுவே ஒரு ஈரக்கோடு. சைக்கிளில் போனவர் அதன்மேல் ஏறாமல் ஒதுங்கிப் போனார். வண்டி வந்த வழியெல்லாம், தொழிற்சாலை வாசல் வரை, அந்தக் கோடு நீண்டிருக்கும். இந்தத் தெருக்களில் குடியிருப்பவர்கள், கடைக்காரர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கோடு. காலையில் போட்டு, வெயிலில் காய்ந்து, மறுநாள் மறுபடி.

சந்தையில் மீன்கார அக்கா தராசில் நின்றதைப் பார்த்து, எடையை உரக்கச் சொல்லி, சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். “என் பேரைப் பெருசாப் போட்டுக்கங்க. அவங்களுக்கு என் கையெழுத்து நல்லாவே தெரியும்” என்றாள். போட்ட எடைக்கும் வந்த எடைக்கும் நடுவே காணாமல் போனது, அவள் மாடியில் சொன்ன அளவுக்குக் கிட்டத்தட்ட வந்தது.

அன்று சாயங்காலம் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. அவள் கைப்பேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

“யாரோ வெளியாளைக் கூட்டிட்டு வந்து வீட்டு மனுஷன் கணக்கை நோண்ட வச்சிருக்கியாமே?”

“அண்ணி, சீல் வைக்க வராங்க.”

“அவர் பாத்துக்கறேன்னு சொல்லலையா? ஒரு பைசா வாங்கியிருப்பாரா உங்ககிட்ட? ராப்பகலா எழுதினாரே, கண்ணு போச்சே அவருக்கு.”

“தெரியும் அண்ணி.”

“தெரிஞ்சா இப்படிச் செய்வியா? உன் நெஞ்சு என்ன ஐஸா?”

கோபம் வர வேண்டும். இல்லை, அழுகையாவது வர வேண்டும். “அவரை நாளைக்குத் தொழிற்சாலைக்கு வரச் சொல்லுங்க அண்ணி” என்று மட்டும் சொன்னாள். அன்று இரவு கட்டணத் தாளையும் அதிகார மாற்றக் கடிதத்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். யாரும் விரல் வைக்காமல் தானே இடத்தைக் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

அண்ணா மறுநாள் மதியம் வந்தார். அதே மடிப்புக் கலையாத சட்டை. தொழிற்சாலையின் சின்ன அறையில், எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலிக்குப் பின்னால் கணக்கு அலமாரி. அதன் சாவி எப்போதும் அவரிடம்தான் இருக்கும். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஏதாவது சொல்வாள் என்று அவள் பயந்தாள். மகள் சொல்லாமல் போய்விட்டாள்.

அவள் கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் எடைத் தாள்கள். பிறகு உருகியதைக் கணக்கில் காட்டாமல் விட்டதை ஒப்புக்கொள்வதாக அவர் பேருக்கு எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்த தாள் ஒன்று.

“நீங்களே படிங்கண்ணா.”

அவர் படித்தார். வழக்கம்போல் ஆட்காட்டி விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டே படித்தார். அதிகாரம் மாற்றப்படுகிறது என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு நகர்ந்தது.

“என்னை நீக்கிட்டியாம்மா.”

“ஆமாண்ணா.”

“அந்த அம்மா ஜெயிச்சுடுவாங்களா?”

“தெரியாதுன்னு சொன்னாங்க.”

“தெரியாதுன்னு சொல்றவங்ககிட்டயா குடுக்கறே?”

“ஆமாண்ணா.”

அவர் தேநீரைத் தொடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அச்சுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுக்கும் சத்தம். பாளங்கள் தரையில் வழுக்கி ஓடி ஒன்றோடொன்று மோதும் சத்தம். அதில் ஒன்று உடைந்தது. யாரோ யாரையோ திட்டினார்கள்.

“சேதாரம் இல்லைன்னு ஏன்ணா எழுதினீங்க?”

அவள் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. வெளியே மழையா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். அதனாலோ என்னவோ அவர் சொன்னார்.

“முதல் வருஷம் எழுதினேன். மாமனார் இருந்தார் அப்ப. இத்தனை பாளம் உருகிப்போச்சுன்னு எழுதி, நானே கொண்டுபோய்க் குடுத்தேன். அந்த ஆபீசர் படிச்சுட்டு, உருகினதுக்கு பில் எங்கய்யான்னு கேட்டான். சத்தமாக் கேட்டான். ஹால்ல இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. காத்திட்டிருந்தவங்ககூட.” எடைத் தாள்களின் ஓரங்களை ஒன்றாகச் சேர்த்து நேராக்கினார். “நானும் கூடச் சேந்து சிரிச்சேன்மா. வேற என்ன பண்றது? வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு வேற எழுதினேன். யாரும் ஒண்ணும் கேக்கலை. கணக்கு சுத்தமா இருந்துது.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒரு வருஷம் இல்லைன்னு எழுதிட்டா அடுத்த வருஷம் எப்படி உருகும்?”

அவள் தலையை ஆட்டினாள். அவர் சொன்னது புரிந்தது. நேற்று வரை உருகாத ஐஸ் இன்றைக்கு ஏன் உருகியது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அந்தக் கேள்விக்குப் பயந்து அந்த மனிதர் இத்தனை வருஷம் இரட்டைக் கோடு போட்டிருக்கிறார். அவர்மேல் இரக்கப்பட வேண்டும் என்று நினைத்தாள். நினைக்க மட்டும் முடிந்தது.

“இதுல கையெழுத்துப் போட்டா, தெருவுல எனக்கு இன்னும் ஆறு கடை கணக்கு இருக்கு. நாளைக்கே எல்லாருக்கும் தெரிஞ்சுடும்” என்றார்.

“தெரியும்ணா.”

“போடலைன்னா?”

“போடலைன்னாலும் மனு போகும். நான் போட்ட கையெழுத்து, என் தப்புன்னு நானே எழுதியிருக்கேன். தள்ளாடும்னு சொன்னாங்க. ஒருவேளை சீல் வச்சுடுவாங்க.”

மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. குரலில் எதுவுமே இல்லை. அவர் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார், நான் பாத்துக்கறேன்மா என்று சொல்ல இடம் இருக்கிறதா என்று தேடுவதைப்போல. அவளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடம் கொடுக்கவில்லை.

அவர் தன் பேருக்கு எழுதியிருந்த தாளை இழுத்து மறுபடி ஒரு முறை படித்தார். நீலப் பேனாவைத் திறந்தார். ஓரிடத்தில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அதைப் பார்த்தார், கிழித்துவிட்டு வேறு எழுதுவார் என்று அவள் நினைத்தாள். அவர் அதை அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். பிறகு கீழே முழுக் கையெழுத்து. கோடு போடவில்லை.

பேனாவை மூடிப் பையில் செருகினார். இன்னொரு பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்தார். அது அவருடைய வீட்டுச் சாவிகளோடு ஒரே வளையத்தில் இருந்தது. கழற்ற நகம் போதவில்லை. அவள் கையை நீட்டினாள். அவர் கொடுக்காமல் தானே சிரமப்பட்டுக் கழற்றித் தாள்களின்மேல் வைத்தார், மின்விசிறிக் காற்றில் பறக்காதபடி.

எழுந்து நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளினார். வாசலருகே ஒரு கணம் நின்றார். வர்றேம்மா என்பதற்காக அவள் காத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அதைச் சொல்லாமல் அவர் ஒரு நாளும் போனதில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்பிய அன்றுகூட, அங்கே சொல்லக்கூடாத அந்த வார்த்தையை வாய்தவறிச் சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டவர்.

முற்றத்தில் டிரைவர் ரேடியோ தன் வண்டியில் பாளம் ஏற்றிக்கொண்டிருந்தான். “என்ன சார், அதுக்குள்ள கிளம்பிட்டீங்க?” என்றான். அவர் அவனைத் தாண்டி, நனைந்த தரையில் வழுக்கிவிடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, கேட்டைத் திறந்து வெளியே போனார்.